செங்கேணி எழுதிய அடையாளங்கள்

மானாம்பதி பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளிக்குத் தமிழாசிரியையாக வந்த இரண்டாவது வருஷம் ரேவதி ஒரு காரியம் செய்தாள். ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையின் மூலையில் ‘நல்ல, அழகான, நிறைய, மிகவும்’ என்று நான்கு சொற்களை எழுதிக் கட்டம் போட்டாள். வருஷம் முடிகிற வரைக்கும் யார் கட்டுரையிலும் இவை தலைகாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். இந்த நான்கையும் எடுத்துவிட்டால் ‘எங்கள் ஊர் ஏரி’ கட்டுரையில் தண்ணீர்கூட மிஞ்சாது என்று முன் பெஞ்சு பிரபா முணுமுணுத்தது அவள் காதில் விழத்தான் செய்தது.

ஒரு மாதம் மல்லுக்கட்டியதில் கொஞ்சம் பலன் இருந்தது. ‘நிறைய மரங்கள்’ போய், ‘பதினோரு பனைமரங்கள், அதில் ஒன்று மொட்டை’ என்று வந்தது. செங்கேணியிடம் மட்டும் எதுவும் நடக்கவில்லை. ஊர்க்கோடியில் இருக்கும் இருளர் குடியிருப்பிலிருந்து வருகிற பெண் அவள். என்ன தலைப்புக் கொடுத்தாலும் மூன்று வரிக்கு மேல் எழுதமாட்டாள். ‘சொல்வளம் குறைவு’ என்று ரேவதி அவளைப் பற்றித் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தாள்.

ஆவணியில் நான்கு நாள் சேர்ந்தாற்போல் செங்கேணி பள்ளிக்கு வரவில்லை. விசாரித்ததில் அவளுடைய தாய்மாமன் வெங்கடேசனைக் காணோம் என்று தெரிந்தது. அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. சவுக்கு வெட்டப் போன கூட்டத்தோடு திரும்பி வரும்போது காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் பிரிந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே ரேவதி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். செங்கேணியின் அம்மா பச்சையம்மாள் அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தாள். போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று, ஆனால் காட்டுவதற்கு ஒரு போட்டோ இல்லை என்றாள். ஆதார் அட்டையில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு திட்டுதான் இருந்தது.

வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று ரேவதி அங்கேயே உட்கார்ந்து ஓர் அறிவிப்பு எழுதினாள். வயது முப்பத்தைந்து, மாநிறம், நடுத்தர உயரம், ஒல்லியான உடல்வாகு, நீலச் சட்டை. வாசித்துக் காட்டியதும் பச்சையம்மாள் தலையாட்டினாள். செங்கேணி ஆட்டவில்லை.

“டீச்சர், இது எங்க மாமா இல்ல. இந்த மாரி ஆளு அந்த பஸ் ஸ்டாண்டுலயே நூறு பேரு கீறாங்க.”

ரேவதிக்குச் சுருக்கென்றது. சொன்னது சரி என்பதும் உடனே புரிந்தது. நோட்டையும் பேனாவையும் அவளிடம் நீட்டினாள்.

செங்கேணி வாசலில் குந்தி எழுத ஆரம்பித்தாள். இரண்டு வார்த்தை எழுதுவாள், கண்ணை மூடிக்கொள்வாள். எழுந்து நாலடி நடந்து பார்ப்பாள். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதுவாள். அரைமணி நேரம் ரேவதி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நோட்டு திரும்பி வந்தபோது அதில் இப்படி இருந்தது:

‘தார் ரோட்டிலும் வரப்பில் நடப்பதுபோல ஒரு காலுக்கு நேராக அடுத்த காலை வைத்து நடப்பார். சட்டையில் மேல் பட்டன் இல்லை, அந்த இடத்தில் ஊக்கு குத்தியிருக்கும். டீ கொடுத்தால் முதலில் டம்ளரைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்ப்பார், பிறகுதான் குடிப்பார். சிரிப்பு வந்தால் வாயைப் புறங்கையால் மூடிக்கொள்வார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். தரையைக் காலால் ஓங்கித் தட்டுங்கள், திரும்புவார்.’

இரண்டு இடத்தில் ‘ற’வைத் திருத்தியதோடு சரி, வேறு ஓர் எழுத்தில்கூட ரேவதி கைவைக்கவில்லை. பார்த்தேயிராத அந்த மனிதர் அவள் கண்முன் நடந்து போனார். தான் இத்தனை நாள் வகுப்பில் தொண்டை வற்றக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். அதை எழுதக்கூடியவளைப் பற்றித் தன் குறிப்பேட்டில் என்ன எழுதி வைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு முகம் சுட்டது.

கீழே ரேவதியின் போன் நம்பரோடு அறிவிப்பு பெற்றோர் குழுவுக்குப் போனது. அங்கிருந்து ஷேர் ஆட்டோக்காரர்கள், பால்வண்டிக்காரர்கள் என்று கைமாறிக்கொண்டே போனது. இரண்டாம் நாள் மதியம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள ராஜகுளத்திலிருந்து போன் வந்தது. டீக்கடை வைத்திருக்கும் சொக்கம்மாள் பேசினாள்.

“எம்மா, அஞ்சாறு நாளா ஒருத்தர் எங்க கடையாண்ட குந்திக்கினு கீறாரு. டீ குடுத்தா கன்னத்துல வெச்சிப் பாத்துட்டுதான் குடிக்கிறாரு. இன்னிக்கி நீங்க அனுப்புனத எம் பொண்ணு படிச்சா. பின்னாடி போயி தரைய ஓங்கித் தட்டுனேன். சட்டுனு திரும்பிப் பாத்தாரு.”

ரேவதி லீவு சொல்லிவிட்டு, பச்சையம்மாளையும் செங்கேணியையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போனாள். அக்காவைக் கண்டதும் வெங்கடேசன் எழுந்து நின்றார். புறங்கை வாய்க்குப் போனது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பச்சையம்மாள் அவர் முதுகில் இரண்டு அடி வைத்து, பிறகு கட்டிக்கொண்டாள். சொக்கம்மாள் செங்கேணியின் தாடையைப் பிடித்து, எழுதியது நீயா என்று கேட்டாள். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று திரும்பி வரும் வழியில் ரேவதி கேட்டாள். மாமாவிடம் வாயால் எதையும் கேட்க முடியாது, அதனால் சின்னதிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டே இருந்ததாகச் செங்கேணி சொன்னாள். ஏரியைப் பற்றி ஏன் மூன்று வரியோடு நிறுத்தினாய் என்றதற்கு, அது எல்லாருக்கும் தெரிந்த ஏரிதானே, யாருக்காக எழுத வேண்டும் என்று திருப்பிக் கேட்டாள்.

திங்கட்கிழமை வகுப்பில் அவள் தலைப்பை மாற்றினாள். உங்கள் வீட்டில் ஒருவரை எழுதுங்கள், முன்பின் தெரியாதவர் படித்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டில் அவரை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும் என்றாள். மணி அடித்த பிறகும் பலர் எழுந்திருக்கவில்லை. அப்பாவுக்குக் கோபம் அதிகம் வரும் என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் நகராமல் உட்கார்ந்திருந்த பிரபா, நோட்டைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

செங்கேணி அதைப் படித்தாள். “கோவம் வந்தா உங்கப்பா கை எங்க போவுது? பாத்துக்கினு வந்து எழுது.”