தண்டவாளத்தைப் பார்த்த வீடு

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவள் கணவரின் கண் முதலில் போவது ஜன்னலுக்குத்தான். கல்யாணத்துக்கு முன்பு முதன்முதலாக அவள் வீட்டுக்கு வந்தபோது, "வாங்க" என்று எழுந்து நின்ற அவள் அப்பாவை அப்படியே நிற்க வைத்துவிட்டு, ஹாலில் இருந்த மர ஜன்னலை ஆட்டிப் பார்த்தவர் அவர். மழைக்காலத்தில் இது ஒழுகுமே என்பதுதான் அந்த வீட்டில் அவர் உதிர்த்த முதல் வாக்கியம். அலுமினிய ஜன்னல் செய்து மாட்டுவது அவர் தொழில். 'ஸ்லைடிங்' என்று அவளுடைய அக்கா அன்றைக்கு வைத்த பட்டப்பெயர் இன்றுவரை குடும்பத்தில் நிலைத்துவிட்டது.

அப்படிப்பட்டவரை, விலைக்கு வந்த நூறு வருஷத்து வீடு ஒன்றைப் பார்க்க அழைத்துப் போனபோது அவள் அவர் கண் போகும் பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்ததில் ஆச்சரியம் இல்லை.

அவள் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு காலத்தில் எல்லா வண்டிகளும் நின்று தண்ணீர் பிடித்துப் போன ஜங்ஷன் அது. இப்போது பாதி வண்டிகள் ஊரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிடுகின்றன. ஆள் குறைந்த ஊரில், ரயில் பாதை போட வந்த இன்ஜினீயர்களுக்காகக் கட்டிய செங்கல் வீடுகள் பூட்டிக் கிடந்தன. பூட்டி வைத்துக் கரையானுக்குக் கொடுப்பதைவிட யாராவது குடியிருக்கட்டும் என்று நகரசபை அவற்றை அடிமாட்டு விலைக்கு விற்க முன்வந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். வீட்டின் முகப்பில் எதையும் மாற்றக்கூடாது. சுத்தம் செய்துகொள்ள முன்கூட்டியே சாவி தருவார்கள். பிறகு பழங்கட்டட அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்த்து, சரி என்றால்தான் பத்திரம். இல்லையென்றால் வீடு வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

அவளுக்கு அந்த வீடு வேண்டும். பெரிய ஆசையெல்லாம் படாதவள்தான். இதற்கு மட்டும் மனசு அடித்துக்கொண்டது. இதுவரை குடியிருந்த வாடகை வீடுகளில் எல்லாம் ஒரே கதை. அவர் கை சும்மா இருக்காமல் புது ஜன்னல் மாட்டுவார். ஜன்னலின் அழகைப் பார்த்து வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார். இவர்கள் மூட்டை கட்டுவார்கள். அவர் மாட்டிய ஜன்னல்கள் ஊர் ஊராக இருந்தன. அவர்களுக்கென்று ஒரு சுவர் இல்லை.

வீட்டைப் பார்த்த அன்று பழங்கட்டட அலுவலகத்து அதிகாரியம்மா பொறுமையாக ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டு வந்தார். உயரமான கூரை, முழங்கை ஆழத்துக்குத் தடித்த சுவர், நடந்தால் லேசாக முனகும் மரத்தளம். அவள் வாய் பிளந்து கேட்டாள். கணவரோ சமையலறை ஜன்னலை ஆட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "மொத்தமும் லொடலொட. ஆனா உனக்குப் பிடிச்சிருக்குல்ல?" என்று கேட்டார். பிடித்திருக்கிறது என்றாள். "அப்ப சரி" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சம்மதித்துவிட்டார்.

அந்தச் சம்மதத்துக்குள் ஒரு திட்டம் ஒளிந்திருந்தது அவளுக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை காலை, ராத்திரி டியூட்டி முடித்து அவள் அந்த வீட்டைப் பெருக்கலாம் என்று போனாள். மாடிப் படுக்கையறையில் நுழைந்ததும் ஏதோ ஒன்று குறைந்தது. வெளியே சரக்கு வண்டி போய்க்கொண்டிருந்தது. ஒலியை அணைத்துவிட்ட டிவி போல, பெட்டி பெட்டியாக, சத்தமே இல்லாமல். பச்சை வண்ண மர ஜன்னல் இருந்த இடத்தில் பளபளவென்று வெள்ளைச் சட்டமும் கண்ணாடியும் நின்றன. பக்கத்தில் அவர், பரிசு வாங்க மேடையேறிய பையன் மாதிரி.

"எப்படி? ரெட்டைக் கண்ணாடி. ராத்திரி முழுக்க முழிச்சிட்டு வந்து பகல்ல தூங்குற. இந்தச் சத்தத்துல எப்படித் தூங்குவ?"

"முகப்புல கை வைக்கக்கூடாதுன்னு சொன்னாங்களேங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"முகப்பு தெருப்பக்கம்ல இருக்கு? அதுல விரல்கூட வைக்கல. இது பின்பக்கம்."

அவள் அவர் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போய், தண்டவாள ஓரமாக நிறுத்தி, வீட்டைப் பார்க்கச் சொன்னாள். அகலமான படிகள், தூண்கள், வாசல் மேல் செதுக்கிய பூவேலை, கட்டிய வருஷம் எல்லாம் ரயிலைப் பார்த்துத்தான் இருந்தன. தெருப்பக்கம் இருந்தது சமையலறைக் கதவும் ஒரு குழாயும். அந்த வீடு எழுந்தபோது தெருவே கிடையாது. வந்தவர்கள் ரயிலில் வந்தார்கள். வீடும் அவர்களைப் பார்த்தே உட்கார்ந்தது. அதிகாரியம்மா அன்றைக்கு இதை விளக்கியபோதுதான் அவர் சமையலறை ஜன்னலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பூவேலைக்கு நேர் மேலே அவருடைய வெள்ளை ஜன்னல், கல்யாண வீட்டுக் கும்பலில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்பவரைப் போல மின்னியது.

"திங்கட்கிழமை அந்தம்மா வராங்க" என்றாள். கோபப்பட நினைத்தாள், அவர் முகத்தைப் பார்த்ததும் கோபம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அவள் தூக்கத்துக்காகச் செய்தவரை என்னவென்று திட்டுவது? ஆனால் அதற்குள் பழைய ஜன்னல் திரும்பி வராவிட்டால் வீடு கையைவிட்டுப் போய்விடும்.

பழைய ஜன்னல் எங்கே என்று கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். கழற்றிய மரத்தை அன்றே பழைய சாமான் வண்டியில் தள்ளிவிடுவது அவர் தொழில் பழக்கம். கை தானாகச் செய்துவிட்டது. வண்டிக்காரரைத் தேடிப் பிடித்தால், ஸ்டேஷன் எதிரே டீக்கடை போட்டிருக்கும் அக்கா நேற்றே அதை எடுத்துக்கொண்டதாகச் சொன்னார்.

எடுத்துக்கொண்டது மட்டுமா? கடையின் பக்கச் சுவரை உடைத்து ஜன்னலைப் பதித்து, அது வழியாகவே வியாபாரம் ஆரம்பித்திருந்தார் டீக்கடை அக்கா. பலகைமீது டீ கிளாஸ்கள் வரிசையாக நின்றன. கதையைக் கேட்டுவிட்டு அவர் இடுப்பில் கை வைத்தார்.

"நல்லா இருக்கும்மா. ஜன்னலை நீ கொண்டு போய்டுவ. ஓட்டையை நான் வச்சிக்கிறதா?"

 அதற்குள் கணவர் தன் இடுப்பிலிருந்த அளவு டேப்பை உருவிச் சுவரை அளந்துவிட்டார். காலையிலிருந்து செத்துக் கிடந்த முகத்தில் விளக்கு எரிந்தது.

"இதே அளவுக்கு என்கிட்ட ஒண்ணு தயாரா இருக்குங்க."

"அதெப்படி, நேத்து இடிச்ச சுவத்துக்கு?"

"எங்க வீட்டு ஓட்டையும் இதே ஓட்டைதான்கா" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் தனக்கே சிரிப்பு வந்தது.

மழை வந்தால் என்ன ஆகும் என்று அக்கா கேட்டார். ஒரு சொட்டு உள்ளே வராது என்றார் அவர். ஈ? வலை போட்டுத் தருகிறேன். திறக்கக் கஷ்டமா? ஒரு விரல் போதும். சாரல், தூசி, பூட்டு என்று அவர் சொல்லிக்கொண்டே போக, அக்கா அவள் பக்கம் சாய்ந்து, "உன் வீட்டுக்காரர் என்னம்மா, பெத்த பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பேசறாரு" என்றார். அவள் அப்பாவின் ஹாலில் ஜன்னலை ஆட்டிய அதே ஆள், அதே கண். அன்றைக்கும் இப்படித்தான் அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அதில்தானே விழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னல்கள் இடம் மாறின. அவர் ஏணிமேல், அவள் ஏணியைப் பிடித்தபடி. மரச் சட்டத்தைச் சுவரில் உட்கார வைக்கும்போது, திருகாணி ஒன்றுகூட இல்லாமல் இதை எப்படி நிற்க வைத்தார்கள் என்று முணுமுணுத்தார். பாராட்டா புகாரா தெரியவில்லை. சரக்கு வண்டி ஒன்று மெதுவாகக் கடந்தபோது, கடைசிப் பெட்டியில் நின்ற கார்டு கையை ஆட்டினார். இவர் ஏணிமேலிருந்து பதிலுக்கு ஆட்டப்போய், விழப் பார்த்தார்.

திங்கட்கிழமை அதிகாரியம்மா வந்து படியேறியபோது அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். "வரும்போது ரயில்லேருந்தே பார்த்துட்டேன். முகப்பு அப்படியே இருக்கு" என்றார் அவர். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், படுக்கையறை ஜன்னலருகே போய்க் குனிந்தார். கீழ்ப்பலகையில் வட்டம் வட்டமாக டீ கிளாஸ் வைத்த கறை.

"இது அன்னைக்கு இல்லையே?"

 பொய் சொன்னால் அவள் காது சிவந்துவிடும். அது இப்போதே சிவந்துகொண்டிருந்தது. ஆனால் முந்திக்கொண்டவர் கணவர். முகப்பு எதுவென்று தெரியாமல் கழற்றியது, டீக்கடை வரை போனது, திரும்ப மாட்டியது எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "தப்பு என்னோடதுங்க. அவ இந்த வீட்டுமேல உசுரையே வச்சிருக்கா" என்று முடித்தார்.

அதிகாரியம்மா ஜன்னலைச் சாத்தினார், திறந்தார், சட்டத்தை அழுத்திப் பார்த்தார். ஆட்டம் இல்லை. "முன்னைவிட இறுக்கமா மாட்டியிருக்கீங்க" என்றார். பிறகு, சிரிப்பை அடக்கியபடி, "எங்களுக்கு வெளி முகம்தாங்க முக்கியம். இதுக்கு உள்பக்கமா இன்னொரு கண்ணாடி போட்டுக்கிட்டா யாரு கேட்கப்போறா? கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே" என்றார்.

பத்திரம் முடிந்து, கட்டிலும் பாத்திரமும் வந்து சேர்ந்த மறுநாள். டியூட்டி முடித்து வந்தவள், குளித்த ஈரம் காயாமலே படுத்தாள். ஜன்னல் பலகைகளின் இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாக விழுந்தது. தூரத்தில் ஏதோ வண்டி கூவியதாக ஞாபகம். அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை.

சர்ரென்று ஒரு சத்தம் கேட்டு விழித்தாள். அவர் ஜன்னலோரம் நாற்காலிமேல் நின்று டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"உள்கண்ணாடிக்கு அளவெடுக்கறேன். பாவம், வண்டிச் சத்தத்துல எழுந்துட்டியா?"

"எந்த வண்டி?"

"இப்பதான் ஒண்ணு போச்சே. கட்டிலே ஆடுச்சு."

அவள் கையை நீட்டி அந்த டேப்பை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, திரும்பிப் படுத்தாள்.