எக்ஸ்டர்னல் ஃபிளாஷ் தேர்ந்தெடுக்கும் முறை (யாரும் சாகவில்லை)

1

தமிழில் இதுவரை எழுதப்பட்ட எந்தக் கதையிலும் ஒருவரும் டிஜிட்டல் கேமராவுக்கு எக்ஸ்டர்னல் ஃபிளாஷ் வாங்கியதில்லை. ஆகவே இதுவே முதல் கதை. இரண்டாவதை எழுத வருகிறவர்கள் இதை மிஞ்ச முடியாது என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன், பிற்பாடு மனஸ்தாபம் வேண்டாம்.

இன்னொன்று. இந்தக் கதையில் யாரும் சாகமாட்டார்கள். கதையை எப்படி முடிப்பதென்று தெரியாதவன் ஒரு ஆளைச் சாகடிக்கிறான். இருட்டில் எப்படிப் படமெடுப்பதென்று தெரியாதவன் ஃபிளாஷ் அடிக்கிறான். இரண்டும் ஒரே சோம்பேறித்தனம்.

கதை பிறந்த விதம் கௌரவமானதல்ல. 2006ஆம் வருடத்துக் கல்லூரி மலருக்கு, அதைத் தொகுத்த வித்யாலட்சுமி ஒரு பக்கம் கேட்டாள். "உன் நக்கல் எல்லாம் வேணாம். படிக்கிறவங்களுக்கு உபயோகமா எழுது. டிஜிட்டல் கேமராவுக்கு ஃபிளாஷ் எப்படி செலக்ட் பண்றது, அவ்ளோதான்." ஐந்து குறிப்புகள், குறிப்புக்கு நான்கு வரி என்று உட்கார்ந்தேன். முதல் குறிப்பிலேயே ஜெயராஜ் என்று ஒருவர் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

2

முதல் தொடக்கம்: விவேக் நகரில் அன்று மழை [வேண்டாம். பெங்களூர்க் கதைகளில் ஏற்கெனவே நிறையப் பெய்துவிட்டது.]

இரண்டாவது: ஃபிளாஷின் சக்தியை ஓர் எண்ணால் குறிப்பார்கள். எண் கூடக்கூட வெளிச்சமும் கூடும், அதோடு எடையும் [வித்யாலட்சுமிக்குப் பிடிக்கும். எனக்குத் தூக்கம் வருகிறது.]

மூன்றாவது:

"டேய், படுத்திருக்கிறவன் மூஞ்சி நல்லாத் தெரியணும்னா எந்த மாதிரி ஃபிளாஷ் வாங்கணும்?" என்று ஜெயராஜ் கேட்டார்.

இதை வைத்துக்கொள்வோம்.

ஜெயராஜ், கிளெமென்டின் அப்பா. முப்பத்தொரு வருடம் லேத்தில் நின்றவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். ஈரலில் வந்திருந்த கட்டியை மூன்று மாதம் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிடிச்சதைச் சாப்பிடட்டும்" என்று மருத்துவமனையில் அனுப்பிவிட்டார்கள். "அதுக்கு என்ன அர்த்தம்னு தெரியும்டா. பிடிச்சதுன்னு பெருசா ஒண்ணும் இல்லாமப் போச்சே, அதான்" என்றார் ஆட்டோவில்.

கிளெமென்டுக்கு இருபது வயது. நாற்பது பிரதி ஜெராக்ஸ் எடுத்து ஒரு நக்கல் பத்திரிகை நடத்துகிறவன்.* அதில் அவன் எழுதிய 'பெட்டியோரம் நிற்பது எப்படி' என்ற கட்டுரை கேன்டீனில் பலத்த பாராட்டுப் பெற்றது. இங்கே கிறிஸ்தவர் வீடுகளில் சவப்பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பம் முழுக்கச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள், வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு அனுப்ப. கிளெமென்ட் எழுதியிருந்தான்: 'ஃபோட்டோகிராஃபர் "எல்லாரும் இங்க பாருங்க" என்றதும் அழுகை நிற்கிறது. முடியை ஒதுக்கிக்கொள்கிறார்கள். அந்தப் படத்தில் இயல்பாக இருப்பவர் ஒரே ஒருவர்தான். தன் வாழ்நாளில் ஃபிளாஷ் போடுவதில்லை என்றும், பிணத்துக்கு முன் கேமராவைத் தூக்குவதில்லை என்றும் இக்கட்டுரையாளன் சபதம் செய்கிறான்.'

*கிளெமென்ட் நான்தானா என்று கேட்பீர்கள். இல்லை. இரண்டு பேருக்கும் செருப்பு அளவு ஒன்று, அவ்வளவுதான்.

அந்தக் கட்டுரையில் அவன் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. நாலு வருடம் முன்பு அவனுடைய மம்மி இறந்தபோது, ஓஸ்வால்ட் என்கிற உள்ளூர் ஃபோட்டோகிராஃபர் தலை திரும்பாத ஒரு ஃபிளாஷை நேராக முகத்தில் அடித்து எடுத்தார். சுற்றி நின்ற பதினோரு பேருக்கும் கண் சிவப்பு. மம்மிக்கு மட்டும் சிவக்கவில்லை, மூடியிருந்ததால். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் தட்டு. அந்தப் படம் குவைத்தில் அப்போதுதான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்திருந்த அக்கா லீனாவுக்குப் போயிற்று. லீனா போன் செய்து, "டாடி, பெட்டில இருக்கிறது யாரு?" என்று கேட்டாள்.

ஜெயராஜுக்கு அந்தக் கேள்வி இரண்டாம் தடவை வரக்கூடாது. அவருக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

"இந்தத் தடவை அக்காவுக்கு லீவு இருக்கு டாடி. அப்பா அம்மா இறந்தா ஒரு தடவை டிக்கெட்டோட விடுவாங்க. அவ நேர்லயே வந்துருவா."

"வருவா. வரலன்னா?"

லேத்தில் நின்றவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

3

இரண்டாம் குறிப்பு: ஃபிலிம் காலத்துப் பழைய ஃபிளாஷை டிஜிட்டல் கேமராவில் மாட்டாதீர்கள். வோல்டேஜ் கூடுதலாக இருந்தால் உள்ளே சர்க்யூட் போய்விடும். [இது உண்மையிலேயே உபயோகமானது. வித்யாலட்சுமி கவனிக்க.]

எஸ்.பி. ரோடு பக்கம் ஒரு சந்தில் உத்தமனின் கேமராக் கடை. ஓசூர்க்காரர். ஜெயராஜ் பையிலிருந்து எடுத்த பழைய ஃபிளாஷைப் பார்த்து, இந்தக் குறிப்பைத்தான் அவரும் சொன்னார். பிறகு கேட்டார்:

"எந்த ஃபங்ஷனுக்கு சார்? கல்யாணமா?"

"இல்ல. அடக்கம்."

"அடடா. யாருக்கு?"

"எனக்குத்தான்."

உத்தமன் வியாபாரி. ஜெயராஜின் மஞ்சள் கண்களை ஒரு தடவை பார்த்தார், ஷெல்ஃபை ஒரு தடவை பார்த்தார். "அப்போ தல திரும்புற மாடல்தான் சார் உங்களுக்கு செட்டாகும்."

தலையை மேல்நோக்கித் திருப்பினால் வெளிச்சம் சீலிங்கில் பட்டு, மாவு சலித்த மாதிரி கீழே இறங்கும், முகம் தட்டாகாது என்று விளக்கினார். கிளெமென்ட் குறுக்கிட்டான். "டாடி, இதெல்லாம் வேஸ்ட். ஃபிளாஷ்ல தெரியற மூஞ்சி பொய். ஜன்னல் வெளிச்சம் போதும்."

"அப்போ நான் ஜன்னல்ல வெளிச்சம் வர்ற டைமாப் பாத்துச் சாகணுமாடா?"

உத்தமன் சிரிக்கவில்லை. "வீட்டு சீலிங் என்ன கலர் சார்?"

"ப்ளூ. அவங்க அம்மா ஆசப்பட்டு அடிச்சது."

"அப்போ நீங்களும் ப்ளூவாத்தான் வருவீங்க."

[இந்த இடத்தில் கிளெமென்டின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. இருபது வயதுக்காரன், அப்பா தன் சாவுக்குச் சாமான் வாங்கும்போது வெளிச்சத்தின் நேர்மையைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்பானா? நிற்பான். வேறு எதைப் பேசினாலும் பேச்சு சாவில்தான் போய் முடியும்.]

4

மறுவாரம் ஜெயராஜ் சீலிங்குக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டார். கட்டிலில் படுத்தபடியே, "அந்த மூலைல இன்னொரு கோட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தெருவில் கிறிஸ்துமஸுக்கு இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள். தரைக்கும் சீலிங்குக்கும் டேப் பிடித்து அளந்தார்: ஒன்பது அடி ஏழு அங்குலம். "பெட்டி உசரம் ரெண்டடி போட்டுக்கோ."

பிறகு ஒத்திகை. காலை பத்து மணி. கேமரா லீனா யாரிடமோ கொடுத்தனுப்பியது, அதன் மேல் புது ஃபிளாஷ். ஜெயராஜ் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் படுத்து, நெஞ்சில் சிலுவையை வைத்து, விரல்களில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டார்.

"டாடி, மூக்குல பஞ்செல்லாம் எதுக்கு?"

"அன்னிக்கு வெப்பாங்க இல்ல? வெள்ள. அது வெளிச்சத்த இழுக்கும். டெஸ்டுன்னா ஃபுல் டெஸ்ட்."

கிளெமென்ட் வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தான். ஜெயராஜ் கண்ணை மூடினார். ஆகவே, சூப் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்த பவுலின் ஆன்ட்டியை இருவரும் பார்க்கவில்லை.

பவுலின் எதிர்ச் சாரியில் எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸும் வைத்திருப்பவர். சத்தம் போடுகிறவர் அல்ல. சாவு வீட்டில் முதல் அழுகை அந்த வீட்டு ஆட்களுடையதாக இருக்க வேண்டும் என்கிற மரியாதை தெரிந்தவர். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, சூப்பை வாசல்படியில் வைத்துவிட்டு, ஓசைப்படாமல் திரும்பிப் போனார். லீனா வேலை பார்க்கும் வார்டின் போன் நம்பர் அவருக்கு மனப்பாடம். பையன் ஒண்டியாகத் தவிக்கிறானே, அக்காவுக்குச் சொல்கிற பாரத்தையாவது நாம் இறக்குவோம் என்று நினைத்தார்.

[அவரைத் திட்டாதீர்கள். நானும் திட்டிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் மாறவில்லை.]

கால் மணி நேரத்தில் முதல் மாலை வந்தது. கொண்டுவந்தவரிடம் ஜெயராஜ் பஞ்சை எடுத்துவிட்டு, "உக்காருங்க, காப்பி போடச் சொல்றேன்" என்றார். அந்த மாலை பிறகு மம்மி படத்துக்குப் போடப்பட்டது. அதுவரை இது சிரிப்புக் கதைதான். நானும் அப்படித்தான் முடித்திருந்தேன்.

5

பதினொன்றரைக்குப் போன் அடித்தது. என் அக் [அடித்துவிடவும்] லீனா.

"கிளெமென்ட், நான் ஆபீஸ்ல இருக்கேன். டிக்கெட் டைப் பண்ணிட்டாங்க. பாஸ்போர்ட் டேபிள் மேலயே இருக்கு. டெத் சர்டிஃபிகேட் மட்டும் ஃபேக்ஸ் வந்தா கையில குடுத்துருவாங்க." அழுது முடித்து, காரியம் பார்க்கத் தொடங்கிவிட்ட குரல். "அடக்கம் எத்தன மணிக்குடா?"

கிளெமென்ட் ரிசீவரைத் தள்ளிப் பிடித்து, "அடக்கம் எத்தன மணிக்குன்னு கேக்குறா டாடி" என்றான். ஜெயராஜ் ரிசீவரை வாங்கினார்.

"இன்னும் முடிவு பண்ணலமா."



"டாடி?"

"ஒண்ணுமில்லமா. லைட்டு டெஸ்ட் பண்ணிட்டிருந்தோம். பவுலின் பாத்துட்டுத் தப்பா..." இங்கே அவருக்கு ஒரு யோசனை வந்தது. குரலைத் தாழ்த்தினார். "லீனா, ஒரு சர்டிஃபிகேட் எப்படியாச்சும் ஏற்பாடு பண்ணி அனுப்பச் சொல்லட்டுமா? டிக்கெட்தான் ரெடியாயிருக்கே. இப்பவே வந்தீன்னா என்ன உயிரோட பாத்துட்டுப் போலாம்."

"டாடி, ஸ்பீக்கர்ல போட்டிருக்காங்க. இங்க கிளார்க் பாலக்காட்டுக்காரர்."

கிளார்க்கின் குரல், நல்ல தமிழில், மரியாதையாகவே கேட்டது: "சாரே, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நான் கேட்டுட்டேனே."

ஃபைலில் எழுதப்பட்டது: தந்தை உயிருடன் உள்ளார். டிக்கெட் போடப்பட்டுவிட்டதால் அவசர விடுப்பு பயன்படுத்தப்பட்டதாகக் கொள்ளப்படும். மறுமுறை கிடையாது.

ரிசீவரை வைத்துவிட்டு ஜெயராஜ் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு, "டெஸ்டு எப்படி வந்திருக்கு, காட்டு" என்றார். பார்த்துவிட்டு, "தாடை கீழ நெழல் விழுது. அன்னிக்குக் கொஞ்சம் பின்னாடி தள்ளி நில்லு" என்றார்.

"டாடி, நான் எடுக்கமாட்டேன்."

"சரி. ஓஸ்வால்டையே கூப்பிட்டுக்கோ. அவளுக்கு மறுபடியும் தட்டையே அனுப்புங்க."

6

மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

அ) நிர்வாகம் மனமிரங்கி லீனாவை அனுப்புகிறது. [அந்த நிர்வாகத்தை எனக்குத் தெரியாது. இரங்கியதாக எழுத எனக்கு அதிகாரமில்லை.]

ஆ) ஜெயராஜ் தேறிவிடுகிறார். [இதை ஒன்பது தடவை எழுதினேன். மூன்றாம் தடவை அவர் மீன் குழம்பு கேட்டுச் சாப்பிடுகிறார். ஏழாம் தடவை மாடிப்படி ஏறுகிறார். ஒன்பதாம் தடவை எழுதும்போது கிளெமென்ட் வந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டான்.]

இ) கதை ஒத்திகையிலேயே நின்றுவிடுகிறது. அவர் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார், மூக்கில் பஞ்சு, அடக்க முடியாமல் உதட்டோரம் துடிக்கிறது. முதல் பக்கத்தில் சொன்ன வாக்கும் காப்பாற்றப்படுகிறது.

நல்ல முடிவு இதுதான். வேண்டியவர்கள் இதை எடுத்துக்கொண்டு இங்கேயே எழுந்துவிடலாம். கீழே இருப்பது உங்களுக்கு அவசியமில்லை. வித்யாலட்சுமி, நீயும்.

7

ஒத்திகைக்குப் பத்தொன்பது நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி. ஜன்னலில் வெளிச்சம் தாராளமாக இருந்தது. அது பெட்டிக்குள் வரவில்லை. விளிம்போடு நின்றுவிட்டது.

ஓஸ்வால்ட் தானாகவே கேமராவோடு வந்திருந்தார். பெரியப்பா கிளெமென்டின் தோளைத் தொட்டு, "நீ ஒரே பையன்டா, தலமாட்டுல போய் நில்லு. அவர் எடுக்கட்டும். படத்துல லீனாவும் இல்ல, நீயும் இல்லன்னா எப்படி?" என்றார். கிளெமென்ட் கேமராவைக் கொடுக்கவில்லை. ஃபிளாஷின் தலையை மேலே திருப்பினான். ஓர் அடி பின்னால் தள்ளி நின்றான்.

"பெரியப்பா, கொஞ்சம் உள்ள வாங்க. பவுலின் ஆன்ட்டி, முந்தானை டாடி மூஞ்சிய மறைக்குது."

பவுலின் இழுத்துச் செருகிக்கொண்டார்.

"எல்லாரும் இங்க பாருங்க."

அழுகை நின்றது. யாரோ முடியை ஒதுக்கிக்கொண்டார்கள். சீலிங் ஒரு கணம் வெளுத்தது. கிளெமென்ட் திரையில் படத்தைப் பெரிதாக்கினான், இன்னும் பெரிதாக்கினான், முகம் மட்டும் நிற்கும் வரை. புருவம், இடது மீசையில் கத்தரி தவறிய இடம், எல்லாம் இருந்தன. லீனாவுக்குக் கேட்க ஒன்றும் இருக்காது.

மூடியைத் தூக்கிப் பிடித்திருந்த ஆட்களில் ஒருவர், கை வலித்திருக்க வேண்டும், மெதுவாகக் கேட்டார்:

"ஆயிடுச்சா தம்பி? மூடலாமா?"

எடுக்கிறவன் சரி என்று சொன்ன பிறகுதான் பெட்டியை மூடுவது இங்கே வழக்கம். ஃபிளாஷ் மறுபடி சார்ஜ் ஆக ஆறு வினாடி எடுக்கும். அதன் முதுகில் சின்னச் சிவப்பு விளக்கு எரியும்வரை கிளெமென்ட் காத்திருந்தான்.

"இன்னும் ஒண்ணு" என்றான்.

அதன் பிறகு இன்னொன்று. ஏழாவது தடவை பெரியப்பா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. எல்லாரும் இங்க பாருங்க."