பந்துஜனங்கள்

கண்ணாடிக்காரரின் மனைவி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகத் தெளிவாகக் கேட்டது ஒன்றுதான்: "எங்க அண்ணனை ஒரு வேளையாவது நம்ம மேசையில உட்கார வச்சுச் சாப்பாடு போடுங்க."

எதற்கெடுத்தாலும் பைபிள் வசனம் சொல்வதால் அந்த அண்ணனை எல்லாரும் 'வசனம்' என்றே கூப்பிடுவார்கள். லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. பதினோரு வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டார் தங்கள் சாமிக்கு வைத்த இனிப்பைக் கொண்டுவந்து கொடுக்க, கண்ணாடிக்காரர் இரண்டு துண்டு தின்றதோடு நிற்காமல் விரலையும் நக்கினார். வசனம் பார்த்துவிட்டார். இப்படிப்பட்டவனோடு உட்கார்ந்து சாப்பிடவும் கூடாதென்று பவுல் எழுதியிருக்கிறார் என்று எழுந்து போனவர்தான், பிறகு அந்த மேசைப் பக்கம் வரவில்லை. தங்கை டப்பாவில் கொண்டுபோய்க் கொடுத்தால் மட்டும் தன் பட்டறையில் வழித்துச் சாப்பிடுவார். "கூட உட்காரக் கூடாதுன்னுதான் இருக்கு. குழம்பைப் பத்தி ஒண்ணும் இல்லியே" என்பார்.

அவள் போய் இரண்டு மாதம். கண்ணாடிக்காரர் கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவர். வேதாகமத் தமிழ் அவருக்குப் பாதி புரியும், பாதி ஊகம். ஆனாலும் கடையில் லென்ஸ் தேய்க்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சாப்பாட்டு வசனங்களைத் தேடிக் கண்சோதனைச் சீட்டுகளின் பின்பக்கம் எழுதி வைத்தார். ஒரு ஞாயிறு மதியம், புதுக் கண்ணாடி தயார் என்று சொல்லி மச்சானை வீட்டுக்கு வரவழைத்தார்.

வந்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் பார்த்தது, மேசைமேல் ஆவி பறந்த சோற்றைத்தான்.

"என்ன மாப்பிள்ளை, பொறி வைக்கிறீங்களா?"

"முன்னால வச்சதை ஒண்ணும் விசாரிக்காம சாப்பிடுன்னு அதே பவுல்தான் எழுதியிருக்கார், மச்சான்."

"விக்கிரகத்துக்குப் படைச்சதுக்கு விலகியிருன்னு அப்போஸ்தலர்கள் மொத்தமா லெட்டரே போட்டிருக்காங்க."

"இயேசு பாவிகளோட பந்தியில உட்காரலியா? நான் அவ்வளவு பெரிய பாவியா?"

"அவர் உட்காருவார். நான் அவரா?"

"மாமா, சோறு ஆறுது" என்றாள் மகள், கரண்டியும் கையுமாக. "ரெண்டு பேரும் ஒரே புக்கைத்தானே படிக்கிறீங்க?"

வசனம் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "விருந்து வச்சா சிநேகிதரை, சகோதரரை, பந்துஜனங்களைக் கூப்பிடாதேன்னு இயேசுவே சொல்லியிருக்கார். ஏழைகளைத்தான் கூப்பிடணும். நான் வரவே கூடாது."

கண்ணாடிக்காரர் இதற்காகவே காத்திருந்தவர்போல் ஒரு சீட்டை உருவினார். "அது உங்களைத் தடுக்காது மச்சான். நீங்க எனக்குச் சகோதரர் இல்ல. சிநேகிதர்னும் சொல்ல முடியாது. பந்துஜனமும் இல்ல. நீங்க எந்தக் காலத்துல பந்து ஆடியிருக்கீங்க?"

"என்னது?"

"பந்து ஆடுற ஜனங்க. பந்தயம், ஜெயிச்சாங்கன்னா விருந்துன்னு அலைவாங்க, அவங்களைக் கூப்பிடாதேன்னு..."

மகள் கரண்டியை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். வசனத்தின் முகம் ஒரு நிமிடம் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிய லிஃப்ட்போல் நின்றது. அப்புறம் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. "ஐயோ, பந்துன்னா உறவுய்யா! சொந்தக்காரன்! பந்து ஆடுற..." சிரிப்பில் கால் தள்ளாடியது, கண்ணாடி மூக்கில் நழுவியது. பிடிமானத்துக்குக் கைக்குக் கிடைத்த நாற்காலியை இழுத்துப் பொத்தென்று உட்கார்ந்தார்.

மேசையில்.

மகள் மூச்சுவிடாமல் தட்டைத் தள்ளினாள். அவர் எழ ஒரு தடவை கையை ஊன்றிப் பார்த்தார். மறுபடி சிரிப்பு வந்தது. "இவனுக்குப் போய் என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தோமே" என்றபடி சோற்றைப் பிசைந்தார்.

கண்ணாடிக்காரர் நின்றுகொண்டே இருந்தார். கூட உட்கார்ந்தால் மச்சான் எழுந்துவிடுவாரோ என்று பயம்.

"என்ன நிக்கிறீங்க? சொந்தக்காரன்னு இப்பதானே அர்த்தம் சொன்னேன். உட்காருங்க."

உட்கார்ந்தார். ஒரு கவளம் உருட்டினார். உடனே பழைய பழக்கத்தில் அடுத்த அறைக்குக் கேட்கும்படி மனைவியைக் கூப்பிட்டு, உங்க அண்ணன் சாப்பிடுறார் பார் என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. பிசைந்த கை தட்டிலேயே நின்றது.

வசனம் குழம்புக் கிண்ணத்தை எடுத்து அவர் தட்டில் ஊற்றினார்.

"ஆறிடும் மாப்பிள்ளை. சாப்பிடுங்க."