புயல் ஒடித்த இலந்தை

கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் அவள் ரம்பத்தை இன்னும் வேகமாக இழுத்தாள். கொல்லையில் நின்ற இலந்தை மரத்தில் ஒரே ஒரு பெரிய கிளைதான் பாக்கி. முள் கிழித்துக் கையெல்லாம் கோடு. கிளை விழுவதற்கும் கணவர் கொல்லைக்கு வருவதற்கும் சரியாக இருந்தது.

மொட்டையாக நின்ற மரத்தைப் பார்த்ததும் அவர் ஆபீஸ் பையைத் தரையில் போட்டார்.

"கொலைகாரி. ஒரு இலையக் கிள்ளக்கூட நான் விட்டதில்லையேடி."

"காய்ப்பு முடிஞ்சாச்சுங்க. இலந்தை புதுக் கிளையிலதான் காய்க்கும். பழசை வெட்டாம விட்டா அடுத்த வருஷம் வெறும் முள்ளுதான்."

"பெரிய விவசாயி வந்துட்டா. போன வருஷம் புயல் பாதி மரத்த ஒடிச்சுப் போட்டுச்சு. நான் உரம் வச்சுத் தேத்தினதாலதான் தெருவுக்கே பழம் குடுத்தோம். இப்ப நீ மிச்சத்தையும் முடிச்சுட்ட."

அவள் ரம்பத்தின் பல்லில் ஒட்டியிருந்த தூளை முந்தானையால் துடைத்தாள்.

"புயலன்னிக்கு நீங்க வெளியூர்ல இருந்தீங்க. பக்கத்து வீட்டு முருங்கையில ஒரு கொப்புகூட ஒடியல. கவனிச்சீங்களா?"

"அதுக்கென்ன இப்ப?"

"முருங்கையையே ஒடிக்காத காத்து இலந்தைய ஒடிக்குமா? நம்ம மரத்த ஒடிச்ச புயல் நான்தாங்க."