எல்லைக்கு இந்தப் பக்கம்

போஷேனா அப்பாவின் தாடையைத் துண்டால் கட்டிக்கொண்டிருந்தபோது, கீழே கூடத்தில் யாரோ மணியடித்து டீ கேட்டார்கள்.

"வரேன்."

முடிச்சை இறுக்கிவிட்டு இறங்கிப்போய் நாலு பேருக்கு ஊற்றினாள். போலந்து எல்லையையொட்டி அப்பா வெந்தெலின் முப்பது வருஷம் நடத்திய மலைவிடுதி அது. விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். மூடுபனி விலக இரண்டு நாளாகும், அதுவரை ஹெலிகாப்டர் வராது என்று மீட்புக் குழு சொல்லிவிட்டது. மாடியில் அப்பா, கீழே நடைபயணக் கூட்டம்.

மதியம் தம்பி மதேய் ஏறி வந்தான். ஆறு வருஷத்துக்கு முன் அடிவாரத்து ஓட்டல் வேலைக்குப் போகிறேன் என்றவனிடம், "இறங்கினா திரும்ப ஏறாதே" என்றிருந்தார் அப்பா. அவனும் ஏறவில்லை. இப்போது அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"போலந்துப் பக்கம் இறக்கிடலாம்க்கா. முக்கால் மணி நேரத்துல ரோடு."

"பொணத்த எல்லை தாண்டிக் கொண்டுபோக காகிதம் வேணுமாம். கேட்டுட்டேன்."

"தினம் பீர் குடிக்க அங்கதானே போவாரு! யாரு காகிதம் கேட்டா?"

"அப்ப உசுரோட போனாரு."

எல்லைக்கு இந்தப் பக்கம் ஐந்து மணி நேர இறக்கம். டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு போலந்துக்காரர்கள் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்கள். "பின்னாடி நாங்க புடிக்கிறோம்" என்றான் தாடிக்காரன். விடுதியைச் சமையல்காரியிடம் விட்டுவிட்டு, அப்பாவைத் தூக்குப் படுக்கையில் வைத்துக் கட்டினார்கள்.

பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இறக்கி வைக்கவேண்டியிருந்தது. மூச்சிரைக்க ஏறி வந்த ஒருத்தி, "விடுதி இன்னும் தூரமா?" என்று கேட்ட பிறகுதான் படுக்கையைக் கவனித்தாள். குல்லாயைக் கழற்றிக்கொண்டு பாறையோரம் ஒதுங்கினாள்.

"அரை மணி நேரம்தான்" என்றாள் போஷேனா. ஒரு மணி நேரமாகும். களைத்தவர்களிடம் அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள்.

சரளைச் சரிவில் மதேயின் கால் வழுக்கியது. படுக்கை ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"அப்பா, கெட்டியாப் புடிச்சுக்குங்க!" என்று கத்திவிட்டான்.

நாலு பேரும் அப்படியே நின்றார்கள். மதேய் தலையைத் தூக்கவில்லை. ஒரு கையால் போர்வையின் ஓரத்தை இழுத்து, அப்பாவின் தோளுக்கடியில் செருகினான்.

போஷேனா படுக்கையின் தோள்வாரை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பனிக்குள் எங்கோ கீழே ஓடை சலசலத்தது.