வரவேற்பாளர் சாம்சன்

அச்சகத்துக்காரர் பழைய பத்திரிகையை மாதிரியாக வைத்து அடித்ததில் வந்த வினை அது. வேல்பாண்டியின் பேத்தி பாண்டிசெல்வியின் கல்யாணப் பத்திரிகைகளைக் கட்டுப் பிரித்த பிறகுதான் வீட்டார் பார்த்தார்கள். கடைசி வரியில் "வரவேற்பாளர்: ஆ. சாம்சன், ஸ்ரீவில்லிபுத்தூர்" என்று இருந்தது. சாம்சன் இறந்து அன்றோடு நாற்பத்தொரு நாள்.

கான்சாபுரத்துச் சம்பந்தி மாலையே ராஜபாளையம் வந்துவிட்டார். நல்ல காரியத்துக்கு இறந்தவர் பெயரைப் போட்டு அழைத்தால் விளங்குமா என்றார். அதிலும் அந்த ஆள் சொந்தமும் இல்லை, சாதிசனமும் இல்லை. வேறு பத்திரிகை அடிக்காவிட்டால் தங்கள் பக்கத்து ஆட்கள் மண்டப வாசலை மிதிக்க மாட்டார்கள் என்றார். பாண்டிசெல்வியின் அம்மா செல்லக்கனி பயந்துபோய்த் தன் அப்பா வேல்பாண்டியைப் பார்த்தாள்.

வேல்பாண்டி மில்லில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர். நாற்காலியில் சாய்ந்துகூட உட்கார மாட்டார். தன் வீட்டு விசேஷத்திலும் வாசலில் நின்று யாரையும் கும்பிட்டதில்லை. முதல் வரிசையில் அமர்ந்திருப்பார். வருகிறவர்கள் அங்கே வந்து வணங்கிவிட்டுப் போவார்கள். அது குடும்ப மரியாதை.

அந்த மரியாதை ஒருநாள் தெருவுக்கு வரப் பார்த்தது. செல்லக்கனி விரும்பியவனையே கட்டுவேன் என்றாள். அவர் சரி என்றார். அந்தக் கல்யாணத்துக்குப் பங்காளிகள் ஒருவர்கூட வரவில்லை. சிநேகிதன் சாம்சன்தான் தன் தையல்கடையைப் பூட்டிவிட்டு முதல் பஸ்ஸில் வந்து, பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்றான். வந்ததே அறுபது பேர். அவன் வாங்க வாங்க என்று அழைத்த சத்தத்தில் ஊரே திரண்டு வருவதுபோல் இருந்தது. மண்டபம் மாறி வந்துவிட்ட ஒரு குடும்பத்தையும் விடாமல் பந்தியில் உட்காரவைத்துவிட்டான். அன்றிலிருந்து இந்த வீட்டுப் பத்திரிகை எதுவும் அவன் பெயர் இல்லாமல் வந்ததில்லை.

"வேற பத்திரிகை கிடையாது," என்றார் வேல்பாண்டி.

"அப்ப வாசல்ல யாரு நிப்பா? செத்தவரு எந்திச்சு வருவாராக்கும்?"

"அவன் வேலைய நான் பாக்கேன். வாறதும் வராததும் ஒங்க இஷ்டம் சம்பந்தி."

பாண்டிசெல்வி ஒரு பத்திரிகையை எடுத்து நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். முதல் பத்திரிகை சாம்சன் தாத்தா வீட்டுக்கு என்றாள்.

கல்யாணத்தன்று வேல்பாண்டி வாசலில் நின்றார். குனியத் தெரியாத முதுகு. பன்னீர் தெளித்ததுகூட ஷிஃப்டுக்கு ஆள் அனுப்புவதுபோலத்தான் இருந்தது. குரல் எழும்பவே இல்லை.

முகூர்த்தத்துக்கு அரைமணி இருக்கையில் கான்சாபுரத்து வேன் இரண்டும் வந்து நின்றன. முன்னால் வந்த சம்பந்தி படியில் நின்றுவிட்டார். அவர் பின்னால் ஆட்களும் நின்றார்கள். வேல்பாண்டி சந்தனக் கும்பாவை நீட்டினார்.

"சாம்சன் கூப்புடுதான்."

சம்பந்தி கும்பாவைப் பார்த்தார், கையை நீட்டவில்லை. மேளக்காரர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வேல்பாண்டியின் கை தாழவில்லை.

கடைசியில் ஒற்றை விரலால் சந்தனத்தைத் தொட்டார் சம்பந்தி.

"வாங்க! வாங்க வாங்க!" என்றார் வேல்பாண்டி, பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்க்கும்படி.