ஸ்டமாத்தியாவின் ஒரு வரி வசனம்

ஸ்டமாத்தியா ஏழாவது தடவையாகக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் மேலே தூக்கி, "டாக்டர் சீட்டு கிடைச்சிருச்சு! நம்ம பையனுக்கு டாக்டர் சீட்டு!" என்று அலறினாள்.

"கட்," என்றான் டைரக்டர் மில்தோஸ். "பிரமாதம் அக்கா. ஒன்மோர்."

பிரமாதம் என்றால் எதற்கு இன்னொன்று என்று அவள் மகள் அசிமினாவுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவளுக்கு இருந்த தவிப்பில் வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும். ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்று கைதட்டும் பக்கத்து வீட்டுப் பெண், அதுதான் அவளுக்குக் கொடுத்த வேடம். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள். கைதட்டித் தட்டி உள்ளங்கை சிவந்திருந்தது.

வோலோஸ் நகரத்தில் எத்தனையோ வீடு இருக்க, சினிமாக்காரர்களுக்கு ஸ்டமாத்தியா வீட்டுச் சமையலறைதான் பிடித்துப்போயிற்று. சுவரில் மாதா படம், மேஜையில் எலுமிச்சைப் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, ஜன்னலில் துளசித் தொட்டி. "இதை செட்டு போட்டு எடுத்தா யாரும் நம்ப மாட்டாங்க" என்று மில்தோஸ் சொன்னதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா திட்டாக எடுத்துக்கொள்வதா என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு ஓடியது. படம் காமெடிப் படம். பன்னிரண்டாவது முடித்த ஒரு பையனுக்கு எந்தக் கல்லூரியிலும் இடம் கிடைக்கவில்லை. வீட்டில் சொல்லப் பயந்து, மருத்துவம் கிடைத்துவிட்டதாகப் புளுகிவிடுகிறான். அந்தப் புளுகை நம்பி முதலில் கூச்சல் போடுகிற சித்தி வேடம் ஸ்டமாத்தியாவுக்கு. வசனம் ஒரே வரி. அதை அவள் மூன்று நாளாகக் குளியலறையில் கத்திப் பழக, மேல்மாடிக்காரர்கள் யாருக்கு டாக்டர் சீட்டு என்று வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நிஜமான முடிவுகள் வரப்போவதும் அன்றைக்குத்தான். நாடு முழுக்கப் பொதுத்தேர்வு எழுதிய பிள்ளைகள் யாருக்கு எந்தக் கல்லூரி என்று அமைச்சகம் அன்று காலை வெளியிடுகிறது. அந்தப் பிள்ளைகளில் அசிமினாவும் ஒருத்தி. மில்தோஸ் வேண்டுமென்றேதான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தான். ஊரே பதற்றமாக இருக்கும், முகங்களில் அது தானாக வரும் என்று கணக்கு. செல்போன்களையெல்லாம் பிடுங்கி ரொட்டிக் கூடையில் போட்டுவைத்திருந்தான். ஒலிப்பதிவுக்கு இடைஞ்சல் என்று மின்விசிறியையும் நிறுத்தியாயிற்று. ஜூலை மாத வெயில். ஜன்னலும் சாத்தியிருக்கிறது. எல்லோரும் வெந்துகொண்டிருந்தார்கள்.

அசிமினா வெந்தது வெயிலால் மட்டுமல்ல.

அவள் பெற்ற மதிப்பெண் இருபதாயிரத்துக்குப் பதினேழாயிரத்து இருநூற்று நாற்பது. தெருவில் எல்லோருக்கும் அது மனப்பாடம். எதிர்வீட்டு வூலாவைக் கேட்டால், அந்தத் தெருவில் கடைசிப் பத்து வருடத்தில் தேர்வு எழுதிய அத்தனை பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் ஒப்பிப்பாள். விருப்பப் பட்டியலை நிரப்பியபோது அம்மா கூடவே உட்கார்ந்திருந்தாள். டியூஷன் சென்டர் வாத்தியார் சொல்லச் சொல்ல, முதலில் ஏதென்ஸில் சட்டப் படிப்பு, அடுத்து தெசலோனிகி சட்டம், மூன்றாவது கொமோத்தினி சட்டம். முதல் இரண்டும் எட்டாது, மூன்றாவது நிச்சயம் என்று வாத்தியார் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்து, மதிப்பெண்ணுக்கு எட்டுகிற முதல் இடத்தைக் கணினி கொடுத்துவிடும். அப்புறம் அழுது புரண்டாலும் மாறாது.

பட்டியலை மூடுகிற கடைசி நாளில், அம்மா தேவாலயத்துக்கு மெழுகுவத்தி ஏற்றப் போயிருந்த நேரம், அசிமினா அதைத் திறந்து எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்றைப் போட்டாள். கலமாட்டா, தொல்லியல். அதற்கு அவள் மதிப்பெண்ணில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலே போதும்.

கட்டாஃப் ஏறிவிட்டது, சட்டம் கைநழுவிப் போயிற்று என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவள் திட்டம். போன வாரம்தான் உறைத்தது. கட்டாஃபை ஒளித்துவைக்க முடியாது, அது நாடே படிக்கிற சமாச்சாரம். கொமோத்தினி பதினேழாயிரத்துக்குக் கீழே இறங்கினால் வூலாவே நொடியில் கூட்டிக் கழித்துவிடுவாள். படித்த பெண் இந்தச் சின்ன விஷயத்தை யோசிக்கவில்லை பாருங்கள்.

எட்டாவது டேக் முடிந்ததும் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அம்மா, ஒரு விஷயம் சொல்லணும்."

"இப்போ பேசாதடி. மூடு கலைஞ்சிரும்."

"அவசரம்மா."

"பாத்ரூமா? போயிட்டு வா. கதவை மெதுவா சாத்து, சவுண்டுக்காரர் கத்துவாரு."

சரி, அப்பாவிடம் சொல்லலாம் என்று பால்கனிக்குப் போனாள். ஆர்கிரிஸ் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் குழாய்க்குப் பள்ளம் தோண்டுகிறவர். அன்று விடுப்பு. மேஜையில் வெறுமனே உட்கார்ந்திருக்கும் மாமா வேடம் அவருக்கு. கேமராவைப் பார்க்காதீர்கள் என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொரு தடவையும் அதையே பார்த்தார். இப்போது சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு புலம்ப ஆரம்பித்தார்.

"ஸ்டேஷன் ரோட்டுல மறுபடியும் ஒரு பழங்காலச் சுவரு வந்துருச்சும்மா. இந்தத் தொல்லியல்காரங்க வந்து கயிறு கட்டிட்டாங்க. இனி மூணு மாசத்துக்கு வேலை நின்ன மாதிரிதான். நாங்க ஒரே நாள்ல தோண்டுறதை அவங்க பெயின்ட் பிரஷ்ஷை வச்சுக்கிட்டு ஒரு வருஷம் தோண்டுவாங்க. இவங்களைப் பெத்தவங்களைச் சொல்லணும்."

அசிமினா வந்த வழியே உள்ளே திரும்பினாள். நான்கு வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு பள்ளத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள், வழியில் இருந்த அந்தப் பள்ளத்துக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் ஒரு உடைந்த ஜாடியைக் கையில் கொடுத்து, உட்புறத்தைத் தடவிப் பார் என்றாள். குயவனின் விரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. அதற்குள் தன் விரலை வைத்தாள் அசிமினா, சரியாகப் பொருந்தியது. சாயங்காலம் வரை அவள் வீடு திரும்பவில்லை. சாப்பாடு வராமல் அப்பா பட்டினி.

ஒன்பதாவது டேக், பத்தாவது டேக். நடுவில் மூக்கில் பவுடர் ஒற்றிக்கொண்டிருந்த கதாநாயகனைப் பிடித்துக்கொண்டாள். பதினெட்டு வயதுப் பையனாக நடிக்கிற அவனுக்கு முன்தலையில் முடி ஏறிப்போயிருந்தது.

"உங்க படத்துல இந்தப் பையன் எப்போ உண்மையைச் சொல்வான்?"

"நாலு வருஷம் கழிச்சு."

"நாலு வருஷமா சமாளிக்கிறான்?"

"படம்தானே பாப்பா. சமாளிப்பான். நடுவுல ரெண்டு பாட்டு வேற இருக்கு."

"வீட்ல ஒருத்தருக்குக்கூட சந்தேகமே வராதா?"

"வந்தா படம் முடிஞ்சிருமே."

பதினோராவது டேக். எல்லோரும் இடத்தில் நின்றார்கள். கேமரா ஓடத் தொடங்கியது. கதாநாயகன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். ஸ்டமாத்தியா கரண்டியைப் போட வேண்டிய அந்த நேரம் பார்த்து ரொட்டிக் கூடை உறுமியது. ஒரு போன், அப்புறம் இன்னொன்று, அப்புறம் கூடையே மேஜை மேல் நகர ஆரம்பித்தது.

யாரும் அசையவில்லை. கூட்டத்தில் நின்ற வூலா மட்டும் சட்டைக்குள் கைவிட்டு ஒரு போனை உருவினாள். எல்லோரிடமும் பிடுங்கியதாக மில்தோஸ் நினைத்துக்கொண்டிருந்தான், பாவம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையை விரலால் தள்ளினாள்.

"கட்டாஃப் வந்துருச்சு! கொமோத்தினி சட்டம் பதினாறாயிரத்துத் தொள்ளாயிரம்! நம்ம புள்ள பதினேழு இருநூத்தி நாப்பது! அடியே ஸ்டமாத்தியா, உன் பொண்ணு வக்கீலாயிட்டாடி!"

அசிமினாவின் பெயருக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. பார்ப்பானேன்? கட்டாஃப் இவ்வளவு, மதிப்பெண் அவ்வளவு, கழித்துப் பார்த்தால் போதாதா? அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் முடிவு சொல்வார்கள்.

ஸ்டமாத்தியாவின் கையிலிருந்து கரண்டி தானாக விழுந்தது. அவள் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்தாள், அது வெளியே வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் வந்த சத்தம் யாரும் எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. மகளின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நெற்றியில், கண்ணில், காதில் எல்லாம் முத்தமிட்டாள். வூலா கண்ணேறு படாமலிருக்க த்தூ த்தூ த்தூ என்று மூன்று தரம் துப்பினாள். ஆர்கிரிஸ் கேமராவைப் பார்த்துக்கொண்டே அழுதார்.

பத்தொன்பது வருடமாக ஒரு பத்திரப்பதிவு வக்கீலின் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிறாள் ஸ்டமாத்தியா. தன்னைவிடப் பதினைந்து வயது இளைய இப்போதைய வக்கீல் அவளை "பொண்ணே, இங்க ஒரு தூசி பாரு" என்றுதான் கூப்பிடுவான். அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் மகள் உட்கார்ந்திருப்பதை ஒருநாள் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அசிமினாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் செய்தாள். அதனால்தான் இப்போது அம்மாவின் கைகளுக்குள் நிற்க முடியவில்லை.

இப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தாள். படத்துப் பையன் நான்கு வருடம் விட்டானே. ஆனால் அம்மாவின் கண்ணீர் அவள் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. அது சூடாக இருந்தது.

"அம்மா, நான் சட்டத்தை மேல போடலை."

"என்னடி?"

"அதுக்கு மேல இன்னொண்ணு போட்டேன். தொல்லியல். கலமாட்டாவுல. எனக்கு அதுதான் கிடைச்சிருக்கும்."

சமையலறையில் கூடை மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அசிமினா அதிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினாள். ஸ்டமாத்தியா வாங்கிப் படித்தாள். அது இரண்டே வரிதான், அவள் வெகுநேரம் படித்தாள்.

"மார்க்கு பத்தலையா?"

"பத்துச்சு. நான்தான் மாத்தினேன்."

"எப்போ?"

"கடைசி நாள். நீ தேவாலயத்துக்குப் போயிருந்தப்போ."

"உனக்காக மெழுகுவத்தி ஏத்தப் போனேனே, அன்னிக்கா?"

"ஆமாம்மா."

ஆர்கிரிஸ் எழுந்தேவிட்டார். "அந்தக் கும்பல்லயா சேரப்போறே? பள்ளம் தோண்டுறதுக்கா காலேஜ்? நான் முப்பது வருஷமா படிக்காமலே தோண்டுறேனே!"

"நீ உக்காருய்யா," என்றாள் ஸ்டமாத்தியா. குரல் உயரவே இல்லை. அந்த உயராத குரல்தான் அசிமினாவை வதைத்தது. திட்டினால் தேவலை என்றிருந்தது. ஸ்டமாத்தியா குனிந்து கரண்டியை எடுத்தாள், கழுவினாள், துடைத்தாள், பிளாஸ்டிக் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். வூலா போனை மறுபடி சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

மில்தோஸ் தொண்டையைக் கனைத்தான். நல்ல பையன்தான், ஆனால் சினிமாக்காரன்.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க. அந்த டேக் தங்கம். ஆனா இவங்க வக்கீல்னு கத்தினது பதிவாயிருச்சு, உபயோகிக்க முடியாது. இன்னொரு நாள் வேணும்னாலும்..."

"இன்னிக்கே எடு. ஒத்துக்கிட்டேன்ல."

பன்னிரண்டாவது டேக். கதவு திறந்தது. வழுக்கைப் பையன் உள்ளே வந்தான். ஸ்டமாத்தியாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. மூச்சை உள்ளே இழுத்தாள், அதேபோல், அதே அளவு. பிறகு அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து நெற்றியில், கண்ணில், காதில் முத்தமிட்டு, "டாக்டர் சீட்டு கிடைச்சிருச்சு! நம்ம பையனுக்கு டாக்டர் சீட்டு!" என்று கதறினாள். கன்னத்தில் நிஜக் கண்ணீர். மில்தோஸ் கட் சொல்ல மறந்துபோனான். விளக்கு பிடிக்கிறவர்கூடக் கைதட்டினார். ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்ற அசிமினாவுக்கு மட்டும் கைதட்ட வரவில்லை. தனக்குக் கிடைத்த அந்த முத்தங்கள் இப்போது யாரோ ஒருவனிடம் போய்விட்டன. அவளுக்குப் பொறாமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

சினிமாக்காரர்கள் விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஸ்டமாத்தியாவின் போன் அடித்தது. லாரிசாவிலிருந்து பெரிய அத்தை. ஸ்டமாத்தியா திரையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், எடுத்தாள்.

"தொல்லியல் அண்ணி! கலமாட்டாவுல தொல்லியல் கிடைச்சிருக்கு! ஆமா, அவளே ஆசைப்பட்டுப் போட்டது. சட்டமா? அது கிடைச்சிருக்கும், நம்ம பொண்ணுதான் வேண்டாம்னுட்டா!"

அதே குரல். அதே மூச்சு. அன்று காலை முழுக்கப் பக்கத்திலேயே நின்று பார்த்தவள் அசிமினா. எங்கே நடிப்பு, எங்கே நிஜம் என்று அம்மாவின் முகத்தில் தேடினாள். கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா போனை வைத்ததும் அவளால் தாங்க முடியவில்லை.

"ஏம்மா இப்படிப் பண்றே? என்னைத் திட்டேன். உனக்குச் சந்தோஷம் இல்லைன்னு எனக்குத் தெரியாதா?"

"இல்லைதான்," என்றாள் ஸ்டமாத்தியா. "வயிறு எரியுது. ராத்திரி உங்கப்பன் தூங்கினப்புறம் அழுவேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஆனா அந்த வழுக்கைப் பய யாருன்னே நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாது. பன்னெண்டு தடவை கத்தினேன். கடைசித் தடவை நெசமாவே அவனுக்காகச் சந்தோஷப்பட்டேன்டி. நீ நான் பெத்த பொண்ணு. நமக்குச் சொந்தக்காரங்க முப்பது பேராவது இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்றேன். கடைசி ஆளுக்குச் சொல்றதுக்குள்ள சந்தோஷம் வந்துரும். கண்ணைத் துடைச்சிட்டு அடுத்த நம்பரைப் போட்டுக் குடு."

அசிமினா பக்கத்தில் உட்கார்ந்து சித்தப்பாவின் எண்ணை அழுத்தினாள்.